ஒரு பாலமும் ஒரு நகைப்பெட்டியும்

பாலங்களுக்குப் பெயர் வைப்பதில் ஒரு வேடிக்கை உண்டு. பணம் போட்டவர் ஒருவர், பாடுபட்டவர் இன்னொருவர். பெயர் மட்டும் மூன்றாவது ஆசாமிக்கு! சென்னையில் நேப்பியர் பாலம் ஒரு கவர்னரின் பெயரைச் சுமக்கிறது. மதுரையில் வைகைமீது நிற்கும் பழைய பாலத்துக்கு ஆல்பர்ட் விக்டர் என்ற ஆங்கில இளவரசரின் பெயர். அவ்வளவு தூரம் போவானேன்? சேலம், நாமக்கல் பக்கத்துக்காரர்களான நாம் விருந்தாளிகளுக்குப் பெருமையோடு காட்டும் மேட்டூர் நீர்த்தேக்கத்துக்கே ஸ்டான்லி என்ற கவர்னரின் பெயர்தானே!

ஆனால், நாமக்கல், கரூர் வழியாகத் தெற்கே போகும் ரயிலில் ஏறித் திருநெல்வேலியில் இறங்கினால், வேறு விதமான ஒரு பாலத்தைப் பார்க்கலாம். அது கவர்னர் பெயரைத் தாங்கியதல்ல. இளவரசர் பெயரைத் தாங்கியதுமல்ல. கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராக உத்தியோகம் பார்த்த ஒரு தமிழரின் பெயரைத் தாங்கியது. சுலோசன முதலியார் பாலம்!

மேற்கே நெல்லையப்பர் கோயிலும் கடைவீதியுமாகத் திருநெல்வேலி. கிழக்கே பாளையங்கோட்டை. நடுவே தாமிரபரணி. மோகனூர்த் துறையில் பரிசலுக்குக் காத்திருந்த கதையைப் பாட்டி சொல்லக் கேட்டவர்களுக்கு, அந்த ஊர் ஜனங்கள் பட்ட சிரமத்தை விளக்க வேண்டியதில்லை. ஆற்றைக் கடக்கத் தோணி ஒன்றுதான் கதி. வெள்ளம் வந்தால் அதுவும் இல்லை. அக்கரையில் கட்டிக் கொடுத்த பெண்ணுக்குப் பிரசவம் என்று செய்தி வந்தால், இக்கரையில் தாய் தவித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

1840-ஆம் ஆண்டு, கலெக்டர் தாம்ஸன் பாலம் கட்டுவதைப் பற்றிப் பிரமுகர்களைக் கூட்டி ஆலோசித்தார். காப்டன் பேபர் என்ற எஞ்சினீயர் படம் போட்டுக் கொடுத்தார். செலவு சுமார் ஐம்பதினாயிரம் ரூபாய். அந்தக் காலத்து ஐம்பதினாயிரம்! ஜனங்களிடம் நன்கொடை திரட்டுவது என்று தீர்மானமாயிற்று. அந்தப் பொறுப்பு சிரஸ்தார் முதலியாரின் தலையில் விழுந்தது.

இதற்குமேல் நடந்ததை நெல்லைச் சீமையில் வழிவழியாக ஒரு கதைபோலச் சொல்லுகிறார்கள். ஏழை எளியவர்களிடம் கையேந்துவானேன், மொத்தத்தையும் நாமே கொடுத்துவிட்டால் என்ன என்று முதலியாருக்குத் தோன்றியதாம். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னாராம். அந்த அம்மாள் மறுவார்த்தை பேசாமல் தம் நகைகளைக் கழற்றிக் கொடுத்தாராம்.

நகையைக் கழற்றிக் கொடுப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பது சகோதரிகளுக்குத் தெரியும். அந்த நாளில் ஒரு பெண் "என்னுடையது" என்று சொல்லிக்கொள்ளக்கூடிய சொத்து அது ஒன்றுதான். கெட்ட காலத்துக்கு அதுவே துணை. அந்தத் துணையை எடுத்து, முகம் தெரியாத ஜனங்கள் கால் நனையாமல் நடப்பதற்காகக் கொடுத்தார் அந்த அம்மாள்.

1843 நவம்பரில் பாலம் திறக்கப்பட்டது. நீளம் 760 அடி. அகலம் 21½ அடி. ஒவ்வொன்றும் 60 அடி அகலமுள்ள 11 வளைவுகள். வளைவில்தான் சூட்சுமம் இருக்கிறது. கல்லை இழுத்தால் பிளந்துவிடும், அமுக்கினால் தாங்கும். வளைவாக அடுக்கும்போது, மேலே போகும் பாரம் ஒரு கல்லை இன்னொரு கல்லோடு சேர்த்து அமுக்கிக்கொண்டே கால்களுக்கு இறங்கிவிடுகிறது. பாரம் ஏற ஏறப் பிடிப்பும் இறுகுகிறது. நல்ல குடும்பத்தைப் போல!

1869-ஆம் வருஷத்து வெள்ளம் பாலத்தைச் சேதப்படுத்தியது, பழுது பார்த்தார்கள். வண்டிகள் பெருகியபின் அகலப்படுத்தினார்கள். 2023 டிசம்பரில் தாமிரபரணி கரைபுரண்டு ஊருக்குள்ளேயே புகுந்தது, பாலம் நின்றது. இப்போது பக்கத்தில் ஒரு புதுப் பாலமும் துணைக்கு வந்திருக்கிறது.

இந்தப் பாலத்துக்கு மாதிரியாக அமைந்தது லண்டனில் தேம்ஸ் நதிமீது 1817-இல் திறக்கப்பட்ட வாட்டர்லூ பாலம் என்பார்கள். அந்த மாதிரி இன்று இல்லை! கால்கள் இறங்கிப் பலவீனப்பட்டதால் 1930-களில் அதை இடித்துவிட்டார்கள். நம் நெல்லைப் பாலமோ நூற்றெண்பது வருஷங்களைத் தாண்டிவிட்டது.

லண்டன் கதையில் இன்னொன்றும் உண்டு. இடித்த இடத்தில் புதுப் பாலம் கட்டும்போது இரண்டாவது உலக யுத்தம் மூண்டது. ஆண்கள் போர்முனைக்குப் போகவே, பெண்கள் பலர் வேலையில் இறங்கினார்கள். 1945-இல் திறந்துவைத்த மந்திரியோ, கட்டிய ஆண்களை மட்டும் பாராட்டிவிட்டுப் போனார். ஆனால் தேம்ஸ் நதியில் படகு ஓட்டுகிறவர்கள் மறக்கவில்லை. "பெண்கள் பாலம்" என்றே அதற்குப் பெயர் வழங்குகிறது.

நெல்லைப் பாலத்தின் பெயரிலும் அந்த அம்மாள் இல்லை. முதலியாருக்குக் கிடைத்த புகழ் நியாயமானதே. ஆனால் அந்தப் புகழில் பாதி மனைவிக்கும் சேர வேண்டியது.

நெல்லைக்குப் போகிறவர்கள் அல்வா வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடாதீர்கள். வெயில் தாழ்ந்ததும் ஜங்ஷன் பக்கத்திலிருந்து நடந்து பாலத்தைக் கடந்து பாருங்கள். கரையில் இறங்கி, வளைவுகளின் வழியாக ஆறு ஓடுவதையும் பாருங்கள். மேலே பாளையங்கோட்டைக் கல்லூரிகளிலிருந்து பெண்கள் பஸ்ஸில் வந்துகொண்டிருப்பார்கள். தோணிக்கு யாரும் காத்திருப்பதில்லை.