மருதாணி இலை எண்ணெய்க் குழாயைக் காப்பாற்றுமா?

2006 மார்ச்சில் அலாஸ்காவின் புரூடோ பே எண்ணெய் வயலில், குழாயில் விழுந்த சின்ன ஓட்டை வழியாக சுமார் 10 லட்சம் லிட்டர் கச்சா எண்ணெய் பனி நிலத்தில் கொட்டியது. காரணம், குழாயின் உட்புற அரிப்பு.

உள்ளே எண்ணெய்தானே ஓடுது, எப்படி அரிக்கும்?

கிணற்றிலிருந்து எண்ணெய் மட்டும் வருவதில்லை. உப்புநீரும் கார்பன் டை ஆக்சைடும், சில இடங்களில் ஹைட்ரஜன் சல்ஃபைடும் கூடவே வரும். இந்த வாயுக்கள் நீரில் கரைந்தால் அது அமிலமாகி எஃகைத் தின்னத் தொடங்கும். அதுமட்டுமல்ல, பாறையில் உள்ள அடைப்பை நீக்க கிணற்றுக்குள் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையே செலுத்துவார்கள். வழக்கமான செறிவு 15%.

இப்போது என்ன செய்கிறார்கள்?

அமிலத்தோடு 'அரிப்புத் தடுப்பான்' எனும் ரசாயனத்தைக் கலக்கிறார்கள். இதில் அதிகம் பயன்படும் ஒன்று புரோபார்கைல் ஆல்கஹால். நன்றாக வேலை செய்யும், ஆனால் நச்சு. தோல் வழியாகவே உடலுக்குள் போய்விடும். அதைக் கையாளும் தொழிலாளிக்குத்தான் முதல் ஆபத்து. கடலில் உள்ள கிணறு என்றால், கழிவுநீரோடு மீனுக்கும் போகலாம்.

செடி எங்கே வருது?

மருதாணி, வேம்பு, தேயிலை போன்றவற்றின் சாற்றில் ஆக்சிஜன், நைட்ரஜன் அணுக்கள் கொண்ட கரிம மூலக்கூறுகள் உண்டு. இவை எஃகின் மேல் ஒட்டி மெல்லிய படலமாகின்றன. அமிலம் நேரடியாக இரும்பைத் தொடுவது குறைகிறது. மருதாணியில் கைக்கு நிறம் தரும் லாசோன்தான் இங்கேயும் முக்கிய ஆள்.

அப்போ ஏன் எல்லோரும் மாறவில்லை?

ஆய்வகத்தில் '90% பாதுகாப்பு' என்று வந்தால், 10 கிராம் கரைய வேண்டிய இரும்பில் 1 கிராம் கரைகிறது என்று அர்த்தம். அரிப்பு நிற்கவில்லை, வேகம்தான் குறைந்திருக்கிறது. அந்தச் சோதனைகளில் பலவும் நீர்த்த அமிலத்தில், அறை வெப்பநிலையை ஒட்டி நடப்பவை. ஆழ்கிணற்றில் வெப்பம் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டும். பல சாறுகளின் படலம் சூட்டில் பிடி விட்டுவிடும். மண்ணும் பருவமும் மாறினால் சாற்றின் சேர்மானமும் மாறும். தொழிற்சாலைக்கோ ஒவ்வொரு பீப்பாயும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். சாறு எடுக்க மெத்தனால் பயன்படுத்தினால், 'பசுமை' என்ற பெயரே கேள்விக்குள்ளாகும்.

எனவே, 'வேப்பிலை துருவை வென்றது' என்று அடுத்த முறை செய்தி வந்தால் மூணு விஷயம் பாருங்க: எவ்வளவு சூட்டில், எவ்வளவு செறிவான அமிலத்தில், எத்தனை மணி நேரம்?