தோம்பில் ஏறாத வீடுகள்

மன்னார் வளைகுடாக் கரையில் முத்துக்குளிப்புக்குப் பெயர்பெற்றிருந்த சிலாவத்துறையும் அதனைச் சூழ்ந்த முசலிப் பிரதேசக் கிராமங்களும், 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது தம் முஸ்லிம் குடிகளை இழந்தன. எழுபதாயிரம் பேரளவில் வடக்கை விட்டு நீங்கிய அந்த இடப்பெயர்வில் பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்தில் தஞ்சமடைந்தனர். 2009இல் போர் முடிந்த பின்னரே மீள்குடியேற்றம் பரவலாகத் தொடங்கியதால், இடைப்பட்ட ஏறத்தாழ 20 ஆண்டுகள் அவர்களுக்கு ஊர் என்பது நினைவில் மட்டுமே இருந்தது. அந்த நினைவேக்கம் துயரம் மட்டும்தானா, ஆக்கத்துக்குரிய மூலப்பொருளுமா என்பது இத்தகைய மண்ணில் வைத்தே ஆராயத்தக்க கேள்வியாகும்.

ஊரைப் பிரிந்தோரின் ஏக்கத்தை 1688இல் ஜொஹானஸ் ஹோஃபர் என்ற சுவிஸ் மருத்துவ மாணவர் ஒரு நோயாகவே வகைப்படுத்தினார். இன்றைய உளவியல் அவ்வாறு கருதுவதில்லை. நெஞ்சுக்கு நெருக்கமான பழைய நிகழ்வொன்றை நினைவுகூர்ந்த பின் எழுத அமர்ந்தவர்கள், சாதாரண நிகழ்வை நினைத்தவர்களைவிட ஆக்கத்திறன் மிகுந்து எழுதினர் என்றும், புதிய அனுபவங்களுக்கு மனம் இடங்கொடுக்கும் இயல்பு கூடுவதே அதற்குக் காரணம் என்றும் 2015இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. தம்மை ஏழு வயதுப் பிள்ளையாக எண்ணிக்கொண்டு ஒரு விடுமுறை நாளைப் பற்றி எழுதிய பல்கலைக்கழக மாணவர்கள், அதன்பின் வைக்கப்பட்ட சோதனையில் கூடுதலான தனித்தன்மையை வெளிப்படுத்தினர் என்பது 2010இல் வெளியான இன்னோர் ஆய்வின் முடிவு.

தம்மைப் பிள்ளையாக எண்ணுவது விளையாட்டு மனத்துக்குத் திரும்புவதே. அந்த விளையாட்டுக்கு இந்த வல்லமை எங்கிருந்து வருகிறது என்பதை வடபுலத்துப் பனங்காய் வண்டியே விளக்கும். இரண்டு பனங்காய்களை ஒரு தடியால் இணைத்துக் கவர்த்தடியால் தள்ளி ஓடும் சிறுவனுக்குப் பனங்காய் உணவாக இருப்பது நின்று சில்லாகிவிடுகிறது. ஒரு பொருளை அதன் வழக்கமான பயனிலிருந்து விடுவித்து வேறொன்றாகக் காணும் இச்செயல், உளவியலாளர் விரிசிந்தனை, அதாவது ஒரே விடை தேடாமல் பல திசைகளில் கிளைக்கும் சிந்தனை, என்று கூறுவதன் ஒரு வெளிப்பாடு. நினைவு பொருளைத் தருகிறது. அதை வேறொன்றாக்கும் துணிவை விளையாட்டு தருகிறது. இரண்டாவது இல்லாத நினைவேக்கம் பெரும்பாலும் புலம்பலோடு நின்றுவிடும்.

இவ்விரண்டும் ஒன்றுகூடிய சிறந்த படைப்பாக, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை கற்பிக்கும் ஓவியர் தா. சனாதனன் 2011இல் வெளியிட்ட ‘தி இன்கம்ப்ளீட் தோம்பு’ என்ற கலைநூலைக் கூறலாம். தோம்பு என்பது போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலங்களில் காணிகளையும் அவற்றின் உரிமையாளரையும் பதிந்த அரசாங்கப் பதிவேடு. போரால் இடம்பெயர்ந்தவர்களிடம் அவர்கள் இழந்த வீட்டின் வரைபடத்தை நினைவிலிருந்து வரையச் செய்து, கைப்பழக்கமற்ற அந்தக் கோடுகளோடு அவர்களது கூற்றுகளையும், கட்டடக்கலை முறையில் திருத்தமாக மீள வரைந்த படத்தையும், அந்த நினைவுக்குத் தாம் தீட்டிய ஓவியத்தையும் சனாதனன் சேர்த்து வைத்தார். வரி வசூலிக்கவும் உரிமையை நிறுவவும் ஆட்சியாளர் வைத்திருந்த வடிவத்தை எடுத்து, எந்தக் கந்தோரும் பதியாத ஒன்றை அதில் பதிந்ததே இந்நூலின் அரிய துணிவு. பனங்காயைச் சில்லாக்கும் மனமே இங்கும் தொழிற்பட்டிருக்கிறது. திருத்தமான படத்தைவிட முதலில் வரையப்பட்ட கோணற்கோடுகளே வீட்டை அதிகம் சொல்கின்றன என்று துணிந்து கூறலாம், ஏனெனில் அங்கே எது பெரிதாக வரையப்பட வேண்டும் என்பதை அளவுகோல் அன்றி அன்பே தீர்மானிக்கிறது.

இழந்த ஊரை நினைவிலிருந்து படைக்கும் இந்த வாய்ப்பு, சிலாவத்துறைக்கு மீண்டவர்களின் பிள்ளைகளுக்கு வேறுவிதமாக அமைந்திருக்கிறது. புத்தளத்தில் பிறந்து வளர்ந்த அவர்களுடைய விளையாட்டு நினைவுகள் புத்தளத்து முற்றங்களுக்கே உரியவை. கடற்கரை ஊரைப் பற்றியவை பெற்றோர் சொல்லக் கேட்டவை. இரவல் நினைவிலிருந்தும் நல்ல எழுத்தும் ஓவியமும் பிறக்கக்கூடும் என்றாலும், இரவல் தருவோர் இருக்கும்போதே அது பெறப்பட வேண்டும். 1990இல் பத்து வயதுப் பிள்ளையாக அவ்வூரில் விளையாடியவர் இன்று நாற்பதுகளின் நடுப்பகுதியில் இருக்கிறார். அன்று வீட்டுப் பொறுப்பைச் சுமந்தவர்களோ முதுமையில் இருக்கின்றனர். அவர்கள் கையில் ஒரு தாளும் பென்சிலும் கொடுத்து, வளவையும் கிணற்றையும் விளையாடிய இடத்தையும் வரையச் சொல்வதற்குப் பெரிய நிறுவனம் தேவையில்லை, ஊர்ப் பாடசாலையின் சித்திர வகுப்பே போதும்.