கன்னம் வீங்கினால் விடியும்வரை காத்திருக்கலாமா?

"சொத்தைப் பல்தானே, கிராம்பை வைத்துக் கடித்தால் சரியாகிவிடும்" என்று சொல்லாத வீடு நம்மிடையே இல்லை. செமினியைச் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. அந்தப் பேச்சு மட்டும் லயத்திலிருந்து தாமான் வீட்டுக்கும் கூடவே வந்துவிட்டது.

கிராம்பு வலியை மரக்கச் செய்யும், உண்மைதான். வேரடியில் சேர்ந்த சீழ் அதற்குக் கட்டுப்படாது. சில சமயம் வலி தானாகவே நின்றுவிடும். பல்லின் நரம்பு செத்துப்போனதால் வந்த நிம்மதி அது!

கீழ்த்தாடையின் கடைசிக் கடைவாய்ப் பற்கள்தாம் பொல்லாதவை. அவற்றின் வேர்நுனி, வாயின் அடித்தளமான தசைக்கும் கீழே இறங்கியிருக்கும். எலும்பைத் துளைத்து வரும் சீழ் ஈறுப் பக்கம் வராமல் தாடைக்கடியில் பரவும். இருபுறமும் கல்போல வீங்கி, நாக்கை மேலே தள்ளி, மூச்சையே அடைத்துவிடும். ஜெர்மானிய மருத்துவர் லுட்விக் 1836-இல் இதை விவரித்தார். நோய்க்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. பெனிசிலின் வராத காலத்தில் இந்நோய் கண்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். இன்று பெரும்பாலோர் பிழைக்கிறார்கள், நேரத்தோடு போனால்.

வாயை இரண்டு விரல் அகலம்கூடத் திறக்க முடியவில்லை, எச்சில் விழுங்க முடியாமல் வழிகிறது, குரல் மாறுகிறது, தாடைக்கடியிலோ கண்ணைச் சுற்றியோ வீக்கம் ஏறுகிறது என்றால், நடுராத்திரியானாலும் 999-ஐ அழையுங்கள். அல்லது காஜாங் மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். மல்லாக்கப் படுக்கவைக்காமல் உட்காரவைத்தே கொண்டுபோக வேண்டும்.

அங்கே முதலில் மூச்சுக்கு வழி செய்வார்கள். பிறகு நரம்பில் மருந்து ஏற்றி, சீழைக் கீறி வடித்து, கெட்ட பல்லையும் எடுப்பார்கள். "வீக்கம் இருக்கும்போது பல்லைப் பிடுங்கக்கூடாது" என்று பாட்டிமார் சொல்வதைக் கேட்டுக் காலம் கடத்த வேண்டாம். மூலம் உள்ளே இருக்கும்வரை மருந்து மட்டும் போதாது. பிடுங்கும் நேரத்தை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

இனிப்புநீர் உள்ளவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். இரத்தத்தில் சர்க்கரை கூடியிருந்தால் சீழ் வேகமாகப் பரவும். சீழ் இருக்கும்வரை சர்க்கரையும் எளிதில் இறங்காது. பக்கத்து வீட்டில் மீந்த மாத்திரையில் இரண்டை வாங்கிப் போட்டுக்கொள்வது நம்மவர் பழக்கம். அது வீக்கத்தை இரண்டு நாள் மறைத்து வைக்கும், அவ்வளவுதான். வெறும் பல்வலியாக இருக்கும்போதே அரசாங்கப் பல் மருந்தகத்துக்குப் போய்விட்டால் வேலை ஒரு நாளில் முடியும். அதுவரை வெதுவெதுப்பான உப்பு நீரில் வாய் கொப்பளித்து வாருங்கள்.