யாரும் தடுக்கவில்லை, ஆனாலும் பந்து விழவில்லை!

15 அடி தூரத்தில் கோட்டை விடும் கூடைப்பந்து வீரர்கள்

புதியம்புத்தூர்:-

ஆட்டம் முடிய அரை நிமிஷம். ஒரு பாயிண்ட் பின்தங்கல். நடுவர் விசில் ஊதுகிறார். பந்து போடப் போன பையனின் கையில் எதிராளி அடித்துவிட்டான். ஃபவுல்!

அடி வாங்கிய பையன் கோட்டில் போய் நிற்கிறான். மறிக்க ஆள் கிடையாது. பந்தைத் தட்டிவிட ஆள் கிடையாது. எறிவதற்கு 5 விநாடி நேரமும் உண்டு. எறிகிறான். வளையத்தில் மோதித் தெறிக்கிறது. இன்னொரு வாய்ப்பு. அதுவும் போச்சு!

"ஏலே, சும்மா நின்னு போடுத பந்து! அதையும் விட்டுட்டானே!" என்று கூட்டம் தலையில் அடித்துக்கொள்கிறது.

கூடைப்பந்து மாட்ச் பார்த்தவர்களுக்கு இது புதுசு அல்ல. பூட்டாத வீட்டுக்குள் போன திருடன் வெறுங்கையோடு திரும்புகிற கதை!

4 பாயிண்ட் கணக்கு

இப்படி நின்று போடுகிற பந்துக்கு "ஃப்ரீ த்ரோ" என்று பெயர். விழுந்தால் ஒரே ஒரு பாயிண்ட். பந்து போடும்போது தடுத்து அடித்தால், போட்ட இடத்தைப் பொறுத்து 2 அல்லது 3 ஃப்ரீ த்ரோ கிடைக்கும். அடியையும் மீறிப் பந்து விழுந்துவிட்டால் கூடுதலாக ஒன்று. ஆட்டத்தின் கால் பகுதி ஒன்றில் ஓர் அணி 4 ஃபவுல் செய்துவிட்டால், ஐந்தாவதிலிருந்து சாதாரண ஃபவுலுக்கும் எதிரணிக்கு இரண்டு.

ஓர் ஆட்டத்தில் 20 ஃப்ரீ த்ரோ கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதி போடுகிற அணிக்கு 10 பாயிண்ட். நூற்றுக்கு 70 போடுகிற அணிக்கு 14. நாலு பாயிண்டில் தோற்று வந்து, "நடுவர் சரியில்லை" என்று புலம்புகிறவர்கள் முதலில் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

கோவில்பட்டி வட்டாரம் என்றால் ஹாக்கி. கூடைப்பந்துக்கு அந்தப் பெயர் இந்தக் கரிசல் பக்கம் கிடையாது. பெரிய பந்தயம் பார்க்க வேண்டும் என்றால் பெரியகுளம் போக வேண்டும், இல்லாவிட்டால் கோயம்புத்தூர். கூரை போட்ட மைதானம், தனி கோச், ஆறரை அடிப் பையன்கள் எல்லாம் பெரிய ஊர்களின் சொத்து. உயரத்தைக் கடையில் வாங்க முடியாது. ஆனால் ஃப்ரீ த்ரோவில் உயரம் பெரிய விஷயமே இல்லை. சின்ன ஊர்ப் பிள்ளைகள் பெரிய ஊரோடு சரிக்குச் சரி நிற்கக்கூடிய இடம் அந்தக் கோடுதான்.

டெய்லர் டேப் போதும்

முதல் வேலை, மைதானத்தை அளப்பது. வளையத்தின் உயரம் 10 அடி இருக்க வேண்டும். போர்டின் முகப்பிலிருந்து கோடு 15 அடி. கம்பம் சாய்ந்தோ வளையம் தொங்கியோ இருந்தால் பிள்ளை தப்பான உயரத்துக்கே பழகிவிடுவான். வெளியூரில் போய் ஆடும்போது பந்து வளையத்தையே தொடாது.

ரெடிமேட் துணிக்குப் பேர்போன புதியம்புத்தூரில் டேப்புக்கு அலைய வேண்டியதில்லை. தையல்காரர் கழுத்தில் தொங்குகிற டேப் 60 அங்குலம். அதாவது 5 அடி. வளையத்துக்கு இரண்டு டேப், கோட்டுக்கு மூன்று டேப், அவ்வளவுதான்! போர்டின் முகப்பிலிருந்து கொத்தனாரின் தூக்குக்குண்டை இறக்கி, அது தரையைத் தொடும் இடத்திலிருந்து அளக்க வேண்டும்.

மேலே தூக்கிப் போடு!

அடுத்தது பந்து போகும் வழி. வளையத்தின் உள் அகலம் 45 சென்டிமீட்டர். ஆண்கள் ஆடும் பந்தின் குறுக்களவு ஏறக்குறைய 24. இரண்டு பந்து பக்கத்தில் பக்கத்தில் நுழைய 3 சென்டிமீட்டர்தான் குறை! பிறகு ஏன் விழவில்லை?

நேர் மேலிருந்து இறங்கும் பந்துக்குத்தான் அந்த 45 முழுசாகக் கிடைக்கும். 45 டிகிரி சாய்வில் வந்தால் 32 சென்டிமீட்டர் வாசல்தான். 30 டிகிரியில் தட்டையாக வந்தால் வாசல் இருபத்திரண்டரை. பந்தோ 24. எப்படி நுழையும்? முட்டித்தான் திரும்பும்.

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் சில்வர்பெர்க், டிரான் என்ற இரண்டு பேர், லட்சக்கணக்கான எறிதல்களைக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்து 2008-ம் ஆண்டு முடிவை வெளியிட்டார்கள். கையை விட்டுக் கிளம்பும்போது 52 டிகிரி சாய்வு. விநாடிக்கு 3 சுற்று பின்பக்கச் சுழற்சி. குறி, வளையத்தின் பின் விளிம்பை ஒட்டி. டிகிரி அளக்க முடியாதவர்கள், பந்து ஏறக்குறைய போர்டின் மேல் விளிம்பு உயரத்துக்கு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும்.

பலம் முழங்காலிலிருந்து வர வேண்டும். முழங்கை பந்துக்கு நேர் கீழே. உள்ளங்கை படாமல் விரல் நுனியில் பந்து. எறிந்த பிறகு கையை உடனே இறக்கக் கூடாது. மணிக்கட்டு முன்னால் மடிந்தபடி நிற்க வேண்டும்.

கூச்சத்தால் கெட்ட ராட்சசன்

இதெல்லாம் தெரிந்தும் விடுகிறவர்கள் உண்டு. அமெரிக்க என்.பி.ஏ. பந்தயத்தில் கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவர்களே, அரை நூற்றாண்டுக்கும் மேலாக நூற்றுக்கு 75 அல்லது சற்றுக் கூடுதல் என்ற அளவில்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அங்கே வில்ட் சேம்பர்லின் என்று ஒரு ராட்சசன். உயரம் 7 அடி 1 அங்குலம். 1962 மார்ச் 2-ந் தேதி ஒரே ஆட்டத்தில் 100 பாயிண்ட் எடுத்தார். அன்றைக்கு 32 ஃப்ரீ த்ரோவில் 28 விழுந்தது. எப்படிப் போட்டார் தெரியுமா? இரண்டு கையாலும் பந்தைப் பிடித்து, முழங்காலுக்குக் கீழே தாழ்த்தி, தண்ணீர் வாளியை வீசுவது மாதிரி கீழிருந்து மேலே! அதற்குப் "பாட்டி வீச்சு" என்று கேலிப் பெயர்.

கேலி அவரைத் தின்றுவிட்டது. கீழிருந்து போட வெட்கமாக இருந்தது என்று பிற்பாடு அவரே தம் சுயசரிதையில் எழுதினார். முறையை மாற்றினார். 1967-68 பந்தய ஆண்டில் நூற்றுக்கு 38 தான் விழுந்தது. விழுகிற பந்தைக் கூச்சத்துக்காக விட்ட ஆள் உலகத்தில் இவராகத்தான் இருக்கும்!

அதே காலத்து ரிக் பாரி வெட்கப்படவில்லை. சின்ன வயதில் அவருக்கும் தயக்கம் இருந்தது, அப்பா விடவில்லை. 1978-79-ல் அவர் போட்டது 169. தவறியது 9. சிரித்தவர்கள் எண்ணிப் பார்த்துக்கொண்டார்கள்.

71 வயது வைத்தியர்

கை பழகிவிட்டால் வயசு கூடத் தடை இல்லை. டாம் ஆம்பெரி, ஓய்வுபெற்ற கால் வைத்தியர். 1993-ல், 71 வயதில், தொடர்ந்து 2,750 ஃப்ரீ த்ரோ போட்டார். 12 மணி நேரம். ஒன்று கூடத் தவறவில்லை. மைதானத்தைப் பூட்ட வேண்டும் என்றார்கள், நிறுத்தினார்! 1996-ல் டெட் செயின்ட் மார்ட்டின் என்ற பால் பண்ணைக்காரர் 5,221 வரை போனார்.

ஆம்பெரியின் வித்தை ரொம்பச் சாதாரணம். காற்றடிக்கும் துளை மேலே தெரியும்படி பந்தை மூன்று தரம் தட்டுவார். ஒவ்வொரு தரமும் மூன்றுதான். மனசு அலைய இடம் கொடுக்க மாட்டார். நாள் முழுக்க ஒரே காலரைத் தைக்கிற கைக்கு இது புரியும். புதுக் கை கோணும். பழகின கை தானாக ஓடும்.

ஆனால் நின்ற இடத்தில் நூறு பந்து போட்டால் மட்டும் போதாது. மாட்ச்சில் மூச்சு இரைக்கும்போது இரண்டே இரண்டுதான் கிடைக்கும். ஆகவே மைதானத்தை இரண்டு சுற்று ஓடிவிட்டு இரண்டு பந்து. மறுபடி ஓட்டம், மறுபடி இரண்டு. எத்தனை போட்டோம், எத்தனை விழுந்தது என்று நோட்டில் எழுதிவர வேண்டும். மனக்கணக்கு எப்போதும் நமக்குச் சாதகமாகவே பொய் சொல்லும்.

பெண் பிள்ளைகளுக்கும் இதே கோடு, இதே வளையம். பந்து மட்டும் கொஞ்சம் சின்னது. "பொம்பளப் பிள்ளைக்கு என்ன பந்து?" என்று கேட்கிறவர்களுக்கு ஒரு தகவல்: இந்தியப் பெண்கள் அணிக்குக் கேப்டனாக இருந்த சென்னை அனிதா பால்துரைக்கு 2021-ல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

கரிசல் பக்கம் ஆடி மாசக் காற்று ஒரு தொல்லை. மத்தியானத்துக்கு மேல் திறந்த மைதானத்தில் பந்து போட்டால் குறி தப்புவது கையாலா, காற்றாலா என்று தெரியாது. விடியற்காலைதான் நல்லது.

வளையத்தில் வலை இல்லாத மைதானங்கள் ஏராளம். வலை இல்லாவிட்டால் பந்து உள்ளே போனதா, ஓரமாகப் போனதா என்றே சண்டை வரும். வலையை மாட்ட வளையத்தில் 12 இடம் உண்டு. தூத்துக்குடி கடற்கரையில் வலை பின்னுகிறவர்களிடம் அளவு சொன்னால், பின்னிக் கொடுக்க அவர்களுக்கு எவ்வளவு நேரம் ஆகப்போகிறது?