பலகாரச் சாமான் என்றால் எது?

மானகிரிப் பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கும் நம்மவர் எவரையும் கேளுங்கள். கல்யாணச் சிட்டையில் ‘பலகாரச் சாமான்’ என்று ஒற்றை வரி வந்தால் தலைவலிதான். சில ஆண்டுகளுக்கு முன் நாமும் மாட்டினோம். சீனி, மைதா, கடலைமாவு, டால்டா என்று கட்டி வண்டியேற்றிவிட்டோம். ஆச்சி எதிர்பார்த்ததோ இட்லி அரிசியும் உளுந்தும்! அவர் சொன்னது இடைப்பலகாரம். அதாவது மாலைச் சிற்றுண்டி. சரக்கு திரும்பியது, வண்டிக்கூலி நம் கணக்கில்.

தவறு யாருடையது? சொல்லின் வரலாற்றைப் பார்த்தால் இருவரும் சரியே. பல ஆகாரம் சேர்ந்தது பலகாரம் என்பாருண்டு. கேட்க நன்றாயிருக்கிறது, பொருந்தாது. வடமொழியில் ‘பலம்’ என்றால் பழம். விரத நாளில் சோற்றை விலக்கிப் பழம் உண்பது பலாகாரம். வடநாட்டில் இன்றும் அது விரத உணவுதான். நம் பக்கமோ பழத்தோடு பசி அடங்கவில்லை போலும். சோறல்லாத பலதும் அப்பெயருக்குள் புகுந்தன. ஒருபொழுது இருப்பவர் இரவில் ‘பலகாரம்’ என்பது இட்லி, தோசை, உப்புமாவை. தீபாவளி வந்தாலோ அதே சொல் அதிரசத்துக்கும் முறுக்குக்கும் போய்விடுகிறது.

பணியாரமும் இப்படித்தான். கந்தரப்பம் வெல்லம் போட்டது. வெள்ளைப் பணியாரத்திலோ இனிப்பே கிடையாது. பச்சரிசியும் உளுந்தும் அரைத்து எண்ணெயில் பொரித்து, மிளகாய்ச் சட்னியோடு வைப்பது.

‘மிட்டாய்’ இந்தி வழி வந்தது. அங்கே இனிப்புகளுக்கெல்லாம் பொதுப்பெயர்; நம்மிடம் பெரும்பாலும் ஜாடிச் சரக்காகச் சுருங்கிவிட்டது. ‘அல்வா’ அரபுச் சொல். வியாபாரிகளாகிய நமக்கு நெருக்கமானது பழந்தமிழின் ‘பண்ணியம்’: விற்பனைச் சரக்குக்கும் அதுவே பெயர், தின்பண்டத்துக்கும் அதுவே பெயர். பண்டகசாலையிலும் தின்பண்டத்திலும் ஒரே ‘பண்டம்’ இருப்பதையும் பாருங்கள்.

பெயர் விஷயத்தில் இப்போது சட்டமும் குறுக்கே நிற்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-லும், கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-லும் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு ஊரில் செய்த சரக்கின் மேல் அந்தப் பெயர்ச் சீட்டை ஒட்டி விற்பது வம்பு. ஜாடியில் சீட்டு ஒட்டுமுன் சரக்கு வந்த பில்லை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். சில்லறையாக விற்கும் இனிப்புக்கும், எந்தத் தேதிக்குள் உண்ணலாம் என்று எழுதி வைக்க வேண்டுமென்ற விதி 2020 அக்டோபரில் வந்தது.

நம் கடையில் இப்போது சிட்டை வந்ததும் கேட்டுவிடுகிறோம்: “ஆச்சி, இனிப்பா, காரமா, இட்லியா?” சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், வண்டி திரும்பி வருவதில்லை.