சிதறிய கற்களைப் பொறுக்கியவர்கள்



உரோமை நகரின் யூலை மாத வெயிலை அறிந்தவர்கள் உங்களிற் சிலராவது இருப்பீர்கள். நண்பகலில் கல் பாவிய தெருக்கள் அடுப்பைப் போலக் கனலும். நிழல் தேடி நடப்பவனுக்கு அங்கு இரண்டே ஆறுதல்கள். ஒன்று, தெருவோரக் குழாய்களில் இடையறாது ஒழுகும் குளிர்ந்த நீர். மற்றையது, தடித்த சுவர்களைக் கொண்ட பழைய ஆலயங்கள். அவற்றிலும் பல, மதியம் பூட்டப்பட்டு மாலையிலேயே மீண்டும் திறக்கப்படும்.

கட்டடக்கலை மாணவியான என் மகள் 2019ஆம் ஆண்டு யூன் மாதம், பழங்கட்டடங்களைப் பேணும் முறை பற்றிய ஏழு வாரப் பயிற்சிக்காக அந்நகருக்குச் சென்றாள். அந்த ஆண்டை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அவ்வாண்டு ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு. அன்று காலை நாங்கள் கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்துக்குச் செல்வதாக இருந்தோம். புறப்படத் தாமதமானதால் அருகிலுள்ள பங்கு ஆலயத்துக்கே போனோம். செய்தி அறிந்தபோது, "அந்தோனியார் நம்மைக் காப்பாற்றினார்" என்று நான் சொன்னேன். "அப்படியானால் உள்ளே இருந்தவர்களை ஏன் அப்பா காப்பாற்றவில்லை?" என்று அவள் கேட்டாள். நான் மறுமொழி சொல்லவில்லை. அதன் பின்னர் அவள் ஆலயத்துள் வந்து அமரவில்லை. எங்களோடு வருவாள், வாசலில் நிற்பாள், திருப்பலி முடியுமுன் வெளியே போய்விடுவாள்.

உரோமையில் அவள் முதலில் போனது புனித மரியா பெருங்கோவிலுக்கு. கோடையில் பனி பொழிந்ததாகப் பாரம்பரியம் கூறும் எஸ்குயிலின் குன்றில் அமைந்த, பனிமய அன்னையின் ஆலயம் அது. 2025இல் மறைந்த பாப்பரசர் பிரான்சிஸின் கல்லறையும் இன்று அங்கேதான் உள்ளது. வாசலிற் படையினர் நின்றார்கள். பைகள் இயந்திரத்திற் சோதிக்கப்பட்டன. நம் ஊரில் அந்நாட்களில் கண்ட அதே காட்சி. அவள் வரிசையை விட்டு விலகித் திரும்பிவிட்டாள். இதைத் தாயிடம் மட்டும் தொலைபேசியிற் சொன்னாள்.

கொலோசியத்துக்கு அருகேயுள்ள புனித கிளமெந்து ஆலயத்துக்கு வெப்பம் தாங்காமற் போயிருக்கிறாள். அங்கே மேலே இருப்பது 12ஆம் நூற்றாண்டு ஆலயம். படியிறங்கினால் 4ஆம் நூற்றாண்டு ஆலயம். இன்னும் கீழே இறங்கினால் முதலாம் நூற்றாண்டுக் கட்டடங்கள். 1857இல் அயர்லாந்து தேசத்துத் தொமினிக்கன் துறவியான யோசப் முல்லூலி தோண்டத் தொடங்கும்வரை, கீழே ஓர் ஆலயம் புதைந்து கிடந்தமை மறக்கப்பட்டிருந்தது. நிலத்தடியில் நீர் ஓடும் ஓசை கேட்டதாக எழுதியிருந்தாள். செபித்ததாக எழுதவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்க நா வரவில்லை என்பதே உண்மை.

பயிற்சியின் நான்காம் வாரம் அவர்களை வெலாப்ரோ என்னும் தாழ்நிலப் பகுதியிலுள்ள புனித ஜோர்ஜியார் ஆலயத்துக்கு அழைத்துச் சென்றார்கள். 7ஆம் நூற்றாண்டிலிருந்து அறியப்படும் சிறிய ஆலயம் அது. கர்தினால் நியூமனுக்கு 1879இல் உரித்தாக்கப்பட்டதும் இவ்வாலயமே. சுற்றுலாப் பயணிகள் பெரும்பாலும் அதனைக் கடந்து போய்விடுவர். 1993ஆம் ஆண்டு யூலை 28ஆம் நாள் நள்ளிரவு கடந்த வேளையில், அதன் முன்பாக நிறுத்தப்பட்டிருந்த காரிற் குண்டு வெடித்தது. மாபியாக் கும்பலின் செயல். முன்மண்டபம் ஏறத்தாழ முழுவதும் இடிந்து விழுந்தது. சுவரிலே பெரும் பிளவு.

இடிபாடுகளை அள்ளிக் கொட்டிவிட்டுப் புதிதாக ஒன்றைக் கட்டியிருக்கலாம். செலவும் குறைந்திருக்கும். அவ்வாறு செய்யவில்லை. செங்கல், பளிங்குத் துண்டு, எழுத்துப் பொறித்த கல் என ஒவ்வொன்றையும் பொறுக்கி, ஆயிரத்துக்கு மேற்பட்ட பெட்டிகளில் இட்டு, இது எங்கிருந்தது, எக்காலத்தது என்று பதிவு செய்தார்கள். பின்பு அதே கற்களைக் கொண்டே மண்டபத்தை எழுப்பினார்கள். சில இடங்களை மட்டும் வேண்டுமென்றே பூரணமாகச் சீர்செய்யாமல் விட்டுவைத்தார்கள். நடந்தது நடக்காதது போல் ஆகிவிடக் கூடாதென்பதற்காக.

அன்றிரவு அவள் என்னை அழைத்தாள். அழுதாள். "அப்பா, தூசியைக்கூடச் சல்லடையிட்டுத் தேடியிருப்பார்கள் போலத் தெரிகிறது" என்றாள். பின்னர், "நீங்கள் அன்றைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றாள். அவள் சொன்னது சரியே என்று ஒப்புக்கொண்டேன். மூன்று மாதமாக எனக்குள் இருந்த பாரம் அது.

ஓகஸ்ட் 5ஆம் நாள், பனிமய அன்னையின் திருநாளன்று, சோதனை வரிசையில் நின்று பெருங்கோவிலுக்குள் போயிருக்கிறாள். அன்று விதானத்திலிருந்து வெண்மலர் இதழ்களைப் பனிபோலச் சொரிவது அங்கு வழக்கம். ஓர் இதழைத் தாயின் செபப் புத்தகத்துக்கெனக் கொண்டுவந்தாள். இப்போது அது பழுப்பேறிவிட்டது.

அவ்வாண்டு மார்கழியில், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டிய புனித செபஸ்தியார் ஆலயத்துக்குப் போவோமா என்று அவளாகவே கேட்டாள். இரத்தத் துளிகள் படிந்த உயிர்த்த ஆண்டவரின் திருவுருவத்தை அங்கே கழுவாமற் கண்ணாடிப் பேழையில் வைத்திருப்பதை அறிவீர்கள். அதன் முன்னே நெடுநேரம் நின்றாள். கற்களைப் பார்க்கும் மாணவியின் கண்களோடு பார்த்தாளா, வேறு விதமாகவா, நானறியேன். திருப்பலிக்கு மணி அடித்தது. நான் வழமைபோல் முன்வரிசைக்குப் போனேன். சற்றுக் கழித்துத் திரும்பிப் பார்த்தேன். வாசலில் அவளைக் காணவில்லை. கடைசி வாங்கில், தாயின் அருகே உட்கார்ந்திருந்தாள்.