காயலில் இறங்கிய குதிரைகள் ஏன் மிஞ்சவில்லை?

தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது பழையகாயல். 13ஆம் நூற்றாண்டில் பாண்டியர்களின் பெரிய துறைமுகமாக இருந்த காயல் இதுதான் என்பார்கள். முத்து விளைந்த இந்தக் கரையில் ஹோர்முஸ், ஏடன் பக்கமிருந்து கப்பல் கப்பலாகக் குதிரைகள் வந்திறங்கின. அரசர் ஆண்டுக்கு 2,000க்கு மேல் வாங்குவார், ஆண்டுக் கடைசியில் 100கூட மிஞ்சாது என்று எழுதுகிறார் பயணி மார்கோ போலோ. லாடம் அடித்துப் பக்குவம் பார்க்க ஆளில்லாததே காரணம் என்பது அவர் கணிப்பு.

நாமும் அப்படித்தான் நினைக்கிறோம். குதிரை நொண்டினால் உடனே லாடத்தைத்தான் பார்க்கிறோம். ஆனால் லாடம் தேய்மானத்தைத் தடுக்கும், பிடிமானம் தரும்; அதற்கு மேல் அதனிடம் அதிகம் எதிர்பார்க்க முடியாது. அதனால் குளம்புக்கு உள்ளே போய்ப் பார்ப்போம்.

வெளியே தெரிகிற குளம்புச் சுவருக்கு உணர்ச்சி கிடையாது. ஆணி சரியான இடத்தில் இறங்கினால் வலிக்காததும் அதனால்தான். அதற்குள்ளே ஓர் எலும்பு இருக்கிறது. குதிரையின் எடை முழுவதும் அடிப்பாகத்தில் உட்காருவதாக நினைத்துவிடக் கூடாது. நூற்றுக்கணக்கான மெல்லிய மடிப்புகள் அந்த எலும்பைச் சுவரோடு கோத்துப் பிடித்திருக்கின்றன, நகமும் சதையும் போல. எடையின் பெரும்பகுதியைத் தாங்குவது அந்தப் பிடிதான்.

அந்தப் பிடியைத் தளர்த்தும் காரணங்களில் முக்கியமானது தீனி. மாவுச்சத்து நிறைந்த தானியம் மிஞ்சினால் ரத்தத்தில் இன்சுலின் ஏறும். குடலிலும் புளிப்பு கூடும். இரண்டுமே மடிப்புகளைக் கெடுக்கும். முற்றினால் எலும்பு சாய்ந்து கீழே இறங்கிவிடும். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப், இங்கே வந்த குதிரைகளுக்கு வறுத்த தானியமும் நெய்யும் காய்ச்சிய பாலும் கொடுத்ததாகவும், கொழுக்கட்டும் என்று நாற்பது நாள் லாயத்தில் கட்டிப்போட்டு, பிறகு பழக்காமலே விரட்டி ஓட்டியதாகவும் எழுதியிருக்கிறார். பாசத்தோடு கொடுத்த தீனியே பல குதிரைகளின் காலை வாங்கியிருக்கும் என்றுதான் எனக்குப் படுகிறது.

இன்று குதிரை வைத்திருப்பவர்கள் தினமும் குளம்பைத் தூக்கிச் சுத்தம் செய்ய வேண்டும். அடியில் முக்கோணமாக மெத்தென்று இருக்கும் பகுதி கறுத்து நாறினால் ஈரத்தில் அழுகத் தொடங்கிவிட்டது, தரையைக் காயவிடுங்கள். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் செதுக்க வேண்டும். முன்கால்களை நீட்டிப் பின்னால் சாய்ந்து நிற்கிறதா, குளம்பு சுடுகிறதா, அதற்கு மேலே நாடி பலமாக அடிக்கிறதா? உள்ளே அந்தப் பிடி தளரத் தொடங்கியிருக்கலாம். தானியத்தை நிறுத்துங்கள், நடக்கவிடாதீர்கள், குளம்பைப் பனிக்கட்டி நீரில் வைத்துவிட்டு உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள். லாடக்காரர் அதற்குப் பிறகு வரட்டும்.